தனியொருவர் ஆடும் ஆட்டங்கள்
சிப்பியும் சோகியும் புளியங்கொட்டையும் போதும்!

விளையாட்டு என்றதும் நம் மனக்கண் முன் தோன்றுவது இருவரோ பலரோ கூடிநிற்கும் காட்சியேயாகும். எதிரே ஒருவர் இல்லாவிடின் ஆட்டம் ஏது, வெற்றி ஏது, தோல்வி ஏது என்று கேட்போர் பலர். ஆயினும், எல்லா வேளையிலும் எல்லார்க்கும் துணை வாய்ப்பதில்லை. காய்ச்சலிற் கிடக்கும் சிறுவனுக்கு அயல்வீட்டுத் தோழன் வரமாட்டான். உடன்பிறந்தார் இல்லாத பிள்ளைக்கு மாலைப்பொழுது நீண்டது. சோளகம் பலமாக வீசி வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும் நாட்களில், பேசாலையிலும் தாழ்வுபாட்டிலும் வங்காலையிலும் மணல் பறக்கும் முற்றத்திற்கு இறங்கவொண்ணாது வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்! மக்களைக் கடல்கடந்த நாடுகளுக்கு அனுப்பிவிட்டுத் தனித்திருக்கும் முதியோரையும் இக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

இத்தகையோர் கையில் இன்று எளிதில் வந்து சேர்வது கைத்தொலைபேசி. அதனைக் குறைகூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கைத்தொலைபேசியைப் பறித்துவிட்டு அதனிடத்தில் எதனைக் கொடுப்பது என்று தடுமாறும் பெற்றோர்க்கு விடை ஒன்று தரவேண்டும் என்பதே நோக்கம். அவ்விடை கடையில் இல்லை. கடற்கரையிலும் கொல்லையிலும் அடுக்களையிலும் கிடக்கின்றது. நான்கு சோகி, ஒரு பிடி புளியங்கொட்டை, வெறுமையான நெருப்புப்பெட்டிகள், ஒரு பயிற்சிக் கொப்பி ஆகியவை இருந்தாற் போதும். ஒருவர் தாமே தமக்குத் துணையாக அமர்ந்து ஆடத்தக்க ஆட்டங்கள் சிலவற்றை இங்கே எடுத்துரைப்போம்.

அசோகவனத்து ஆட்டம்

தனியாட்டம் நமக்குப் புதியதன்று. பல்லாங்குழி ஆட்டத்தின் வகைகளுள் ‘சீதைப் பாண்டி’ என்பது ஒன்று. இலங்கையில் அசோகவனத்திற் சிறையிருந்த சீதாப்பிராட்டி, பேச்சுத்துணையின்றிப் பொழுதைக் கழிக்கத் தனியே ஆடிய ஆட்டம் அது என்று மக்கள் வழக்கிற் கூறுவர். இது நாட்டார் வழங்கும் கதையே. ஆயினும், தனித்திருக்கும் துயரத்திற்கு ஓர் ஆட்டத்தை மருந்தாகக் கண்ட அறிவு அக்கதையுள் இருக்கின்றது.

பல்லாங்குழியின் உறவாட்டம் சிங்கள மக்களிடையேயும் உண்டு. புத்தாண்டுக் காலத்தில் அவர்கள் ஆடும் ‘ஒலிந்த கெலிய’ அத்தகையது. ஒலிந்த என்பது குன்றிமணி. இந்நாட்டில் நீர்ப்பாசனப் பகுதியிற் கடமையாற்றிய ஹென்றி பாக்கர் என்னும் ஆங்கிலேயர், 1909 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பண்டைய இலங்கை’ என்னும் தமது ஆங்கில நூலில், இவ்வாட்டத்தையும் இந்நாட்டின் வேறு பல ஆட்டங்களையும் விரித்தெழுதியுள்ளார். குளங்களையும் அணைகளையும் அளந்த கை, சிறுவர் மணலிற் கீறும் கோடுகளையும் குறித்துவைத்தது போற்றத்தக்கதன்றோ!

தனியே ஆடும் பாண்டிக்கு ஊருக்கு ஊர் முறை வேறுபடும். எளிய முறை ஒன்று வருமாறு. நிலத்தில் ஏழு சிறு குழிகளை வட்டமாக அமைத்துக்கொள்க. மணல் இல்லையேல் ஏழு சிரட்டைகள் போதும். முதற் குழியில் 7, அடுத்ததில் 6, பின்னர் 5, 4, 3, 2, 1 என்று இருபத்தெட்டுப் புளியங்கொட்டைகளை இடுக. இப்பொழுது ஏழு கொட்டை உள்ள குழியை முழுவதும் அள்ளி, அந்தக் குழியிலேயே தொடங்கிக் குழிக்கு ஒன்றாக இட்டுச் செல்க. முடிந்ததும் பாருங்கள்: 1, 7, 6, 5, 4, 3, 2 என்று நிற்கும். முதலில் இருந்த ஒழுங்கு அழியவில்லை. ஒரு குழி நகர்ந்திருக்கின்றது. மறுபடியும் ஏழு உள்ள குழியை அள்ளி அவ்வாறே இடுக. ஒழுங்கு இன்னும் ஒரு குழி நகரும். ஏழு முறை செய்தால் புறப்பட்ட இடத்திற்கே வந்துசேரும்.

இதில் வெற்றி தோல்வி எங்கே என்று வினவலாம். கை ஒருமுறை தவறி ஒரு குழியில் இரண்டு விழுந்தால், அடுத்த சுற்றில் ஒழுங்கு குலைந்து பிழை தானே வெளிப்படும். திருத்துவதற்கு ஆசிரியர் வேண்டியதில்லை. சிறு பிள்ளைக்கு எண்ணும் பயிற்சி. பெரிய பிள்ளைக்கு ஒரு வினா: இவ்வொழுங்கு ஏன் அழிவதில்லை? எட்டுக் குழியும் எட்டு முதல் ஒன்று வரை கொட்டையும் வைத்தால் அவ்வாறே நிகழுமா? ஆடிப் பார்க்கட்டும், நிகழும். ஒவ்வொரு குழியிலும் ஒன்று கூடுகின்றது, நிறைந்த குழி ஒன்றாகின்றது என்று பிள்ளை தானே கண்டு கூறும் நாள், அது கணிதத்தின் வாயிலைத் தொட்ட நாள்.

சிறிய உருவம், பெரிய உலகம்

இனி உருவங்களை வைத்து ஆடும் ஆட்டங்களுக்கு வருவோம். சிற்றில் இழைத்தலும் சிறுதேர் உருட்டலும் தமிழிலக்கியம் நன்கறிந்த விளையாட்டுகள். பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சிறார் உருட்டும் மூன்று சக்கரச் சிறுதேரைக் காட்டுகின்றது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண்பாற்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்னும் பருவங்களையும், பெண்பாற்குக் கழங்கு, அம்மானை, ஊசல் என்னும் பருவங்களையும் வகுத்தனர். விளையாட்டைப் பிள்ளை வளர்ச்சியின் படிகளாகவே எண்ணி இலக்கணம் செய்த மரபு நம்முடையது.

மேனாட்டில் நிகழ்ந்த ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. 1826 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், இங்கிலாந்தின் யோர்க்சயர்ப் பகுதியில் வாழ்ந்த புரொன்ரே என்னும் குருவானவர், லீட்ஸ் நகரிலிருந்து தம் மகனுக்குப் பன்னிரண்டு மரப் படைவீரர் அடங்கிய பெட்டி ஒன்றை வாங்கிவந்தார். அவர் மனைவி முன்னரே இறந்துபோனார். முந்திய ஆண்டில் மூத்த பெண்மக்கள் இருவரும் நோயால் மாண்டனர். எஞ்சிய நால்வருள் சார்லொற்றுக்கு வயது பத்து, பிரான்வெலுக்கு ஒன்பது நிரம்பும் தறுவாய், எமிலிக்கு ஏழு, ஆனுக்கு ஆறு. துயரம் குடிகொண்ட அவ்வீட்டில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வீரனை எடுத்துப் பெயரிட்டது. வீரர்களுக்கு ஒரு நாடு வேண்டியிருந்தது. நாட்டுக்கு நகரமும் வரலாறும் செய்தித்தாளும் வேண்டியிருந்தன. அம்மரப் பொம்மைகள் படிப்பதற்கு ஏற்ற அளவில், உள்ளங்கையிற் பாதியும் நிரப்பாத சின்னஞ்சிறு ஏடுகளைப் பிள்ளைகளே எழுதித் தைத்தனர். அவற்றுட் சில இன்றும் காட்சிச்சாலைகளிற் பேணப்படுகின்றன. அப்பெண்பிள்ளைகள் மூவரும் வளர்ந்து ஆங்கில நாவலிலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றனர். பன்னிரண்டு மரத்துண்டுகளின் பயன் அது!

‘புதையல் தீவு’ எழுதிய றொபேட் லூயிஸ் ஸ்ரீவன்சன் இளமை முதலே நோயாளி. 1885 ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய சிறுவர் பாடல் நூலில், படுக்கையிற் கிடக்கும் சிறுவன் ஒருவன் போர்வையின் மடிப்புகளையே மலையும் பள்ளமுமாக்கி ஈயப் படைவீரரை நடத்துவதைப் பாடியிருக்கின்றார். எச். ஜி. வெல்ஸ் 1911 ஆம் ஆண்டில் வீட்டுத்தரையில் ஆடும் ஆட்டங்களைப் பற்றியும், 1913 ஆம் ஆண்டில் பொம்மைப் படைகளின் போரைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அடுத்த ஆண்டே ஐரோப்பாவில் உண்மைப் போர் மூண்டது. பொம்மைப் போரில் எவரும் சாவதில்லை; உண்மைப் போரின் கொடுமையை அறிவதற்கு அவ்வாட்டமே ஒரு பாடம் என்பது வெல்ஸ் தம் நூலின் முடிவில் வற்புறுத்திய கருத்து. போரைக் கண்ட மண்ணில் வாழும் நாம் அதனை விளக்கமின்றியே உணர்வோம்.

ஈயப் பொம்மைகளுக்கு நாம் எங்கே போவது என்று மலைக்கவேண்டாம். கணவாய் ஓடு மன்னார்க் கரையெங்கும் ஒதுங்கிக் கிடப்பது. நகத்தாலும் கீறத்தக்க மென்மையுடையது, நீரில் மிதப்பது. அதைவிடச் சிறந்த வள்ளம் எது? பனங்கொட்டையின் காய்ந்த ஊமல் பாதி, கவிழ்த்துவைத்தாற் குடிசை. பனையோலைத் துண்டும் ஈர்க்கும் பாய்மரமும் ஆளுருவமும் ஆகும். சிறு ஊரிகள் ஆட்டுமந்தை. மட்டியோடு உப்பளத்துப் பாத்தி. பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தைக் களிமண்ணிற் செய்வது எளிது. அடி பருத்து நுனி சிறுத்த மரமாதலால், கைபழகாத பிள்ளை செய்தாலும் அது பெருக்கமரமாகவே தோன்றும்!

நெருப்புப்பெட்டிகளைக் கோத்தாற் புகைவண்டி. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914 ஆம் ஆண்டு தொடங்கிய கப்பற் சேவை, 1964 ஆம் ஆண்டு மார்கழிப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததுடன் அவ்வழியில் நின்றுபோயிற்று. போரினால் 1990 ஆம் ஆண்டு தடைப்பட்ட புகைவண்டி, 2015 ஆம் ஆண்டிலே மீண்டும் தலைமன்னார்த் துறைக்கு வந்தது. பாட்டனாரிடம் கேட்டு அந்தப் பயணத்தை மேசைமேல் மறுபடி நடத்தும் பிள்ளை, வரலாற்றுப் பாடத்தைத் தன் விரலால் தொடுகின்றது.

வேடம் புனையும் ஆட்டம்

உருவத்தை நகர்த்துவதோடு நில்லாது, அவ்வுருவமாகவே தன்னைப் பாவித்து, ‘இவ்விடத்தில் நான் என்ன செய்வேன்?’ என்று கேட்டு ஆடுவது வேடப் புனைவாட்டம். அமெரிக்காவில் கரி கைகக்ஸ், டேவ் ஆர்னசன் என்போர் 1974 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆட்ட நூலொன்று இதனை உலகெங்கும் பரப்பிற்று. அதற்குக் குழு வேண்டும். கதையை நடத்த ஒருவர் வேண்டும். குழு இல்லாதவர்க்காக 1976 ஆம் ஆண்டிலேயே தனியாள் ஆடத்தக்க கதைச்சுவடி அங்கு அச்சாயிற்று. 1982 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஸ்ரீவ் ஜாக்சன், இயன் லிவிங்ஸ்ரன் என்னும் இருவர் எழுதிய நூலில், வாசகனே கதைத்தலைவன். இடப்பக்கம் திரும்பினால் ஓர் எண்ணுக்கும், வலப்பக்கம் திரும்பினால் வேறோர் எண்ணுக்கும் அவன் தாளைப் புரட்டவேண்டும். கவறு உருட்டி விதியை அறியவேண்டும்.

கூத்துப் பிறந்த மண்ணுக்கு வேடம் புனைதல் புதிதாகுமா? மாதோட்டப் பாங்கு என்று தனிப் பெயர் பெற்ற கூத்து மரபு மன்னாருக்குரியது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இப்பகுதி நாடகங்கள் சிலவற்றைப் பதிப்பித்து உலகறியச் செய்தார். கூத்துப் பார்த்த மறுநாள் காலையில், தலையில் ஓலை முடியும் கையில் ஈர்க்கு வாளுமாகத் தனியே அரசனாகவும் அமைச்சனாகவும் மாறிமாறிப் பேசும் பிள்ளையை யார்தான் கண்டதில்லை? அந்தப் பிள்ளைக்கு வேண்டுவது ஓர் ஒழுங்கும், எதிர்பாராததைக் கொண்டுவரும் ஒரு கருவியுமே. ஒழுங்கு விதிகளாற் கிடைக்கும். எதிர்பாராமையைச் சோகி தரும்.

சலாபத் தோணி

அவ்வகையில் நம் கடலுக்கேற்ற ஆட்டம் ஒன்றை மாணவர்க்காக வகுத்துத் தருகின்றோம். அதற்கு முன் அதன் பின்னணியைச் சிறிது அறிதல் நன்று.

மன்னார்க் குடாவின் முத்துப் படுகைகள் பண்டுதொட்டுப் புகழ்பெற்றவை. முத்துக்குளிப்பைச் சலாபம் என்பர். அரிப்பில், நோர்த் என்னும் ஆங்கில ஆளுநர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சலாபத்தைப் பார்வையிடத் தமக்கென எழுப்பிய மாளிகை, இன்று கடலரிப்பால் இடிந்து நிற்கின்றது. 1905 ஆம் ஆண்டுச் சலாபம் மிகப் பெரியது. மரிச்சுக்கட்டிக் கரையில் ஒரு நகரமே திடீரென எழுந்தது. ஏறக்குறைய 5,000 பேர் குளித்தனர். எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் கரைசேர்ந்தன. மறு ஆண்டு படுகைகள் ஒரு குழுமத்துக்கு இருபதாண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. ஆயினும் சில ஆண்டுகளுக்குள் சிப்பி அருகி, அக்குழுமமும் கலைந்தது.

குளிப்போர் காற்றுக் கருவி எதுவுமின்றி, காலிற் கல்லைக் கட்டி, ஐந்து முதற் பத்துப் பாகம் வரை இறங்குவர். மூச்சடக்கும் நேரம் ஏறக்குறைய ஒரு நிமிடம். தோணியில் நிற்பவர் கயிற்றைப் பிடித்திருப்பார்; குளிப்பவர் கயிற்றை அசைத்ததும் மேலிழுப்பார். சுறாவின் வாயைக் கட்டுவதாக மந்திரம் ஓதும் கடல்கட்டி என்பவரும் கரையில் இருப்பார். அவர் இன்றிப் பலர் கடலில் இறங்கமாட்டார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு. மூன்றில் ஒன்றே குளித்தவர் தரப்புக்கு. முத்து எந்தச் சிப்பியில் உண்டு என்பதைத் திறந்தாலன்றி அறியமுடியாது.

இனி ஆட்டம். வேண்டுவன: நான்கு சோகி, எட்டுப் புளியங்கொட்டை, சிப்பிக்குப் பதிலாகச் சிறு ஊரிகள், கணவாய் ஓட்டு வள்ளம் ஒன்று, ஈர்க்கினாற் செய்த குளிப்பாளர் உருவம் ஒன்று, கொப்பி ஒன்று. எட்டுக் கொட்டைகளும் எட்டு மூச்சு. உருவத்தைக் கடலுக்குள் இறக்கியதும் சோகிகளை வீசுக. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு மூச்சுச் செலவு. வாய் மேல்நோக்கி விழும் சோகிகளின் தொகையைப் பார்க்க.

நான்கும் மேல்நோக்கின், நல்ல படுகை: நான்கு சிப்பி எடுக்க. மூன்றாயின் இரண்டு சிப்பி. இரண்டாயின் ஒரு சிப்பி. ஒன்றாயின் நீரோட்டம் இழுக்கின்றது: சிப்பி இல்லை, மேலும் ஒரு மூச்சுப் போகும். ஒன்றும் மேல்நோக்காவிடின் சுறாவின் நிழல்: மேலும் இரண்டு மூச்சுப் போகும். ஒரு நாளில் ஒரேயொரு முறை கடல்கட்டியின் பெயரைச் சொல்லி அந்தச் சுறா வீச்சை விலக்கிக்கொள்ளலாம்.

மேலே வருவதற்கு இரண்டு மூச்சு வேண்டும். எப்பொழுது கயிற்றை அசைப்பது என்பது உங்கள் விருப்பம். கையில் இரண்டு மூச்சு இருக்கும்போது கட்டாயம் மேலேறவேண்டும். இரண்டுக்குக் குறைந்துவிட்டால், தோணிக்காரர் உங்களைக் குற்றுயிராக இழுத்தெடுப்பார். அந்தக் குளிப்பில் எடுத்த சிப்பி அத்தனையும் கடலுக்கே. நாளொன்றுக்கு ஐந்து குளிப்பு. மாலையிற் சிப்பிகளை மூன்று பங்காக்கி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்க. மிச்சம் நின்றால் அதுவும் அரசுக்கே. உங்கள் பங்கிலுள்ள ஒவ்வொரு சிப்பிக்கும் ஒருமுறை சோகி வீசுக. நான்கும் மேல்நோக்கினால் முத்து. இன்றேல் வெறுஞ் சிப்பி.

இவ்வளவும் விதி. வேடம் இனித்தான். குளிப்பாளருக்கு ஒரு பெயர் சூட்டுக. அவர் எவ்வூரார், வீட்டில் யார் யார், சம்மாட்டியிடம் எவ்வளவு கடன், கிடைக்கும் முத்தை என்ன செய்ய எண்ணுகின்றார் என்பவற்றைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுக. ஒவ்வொரு நாள் முடிவிலும் அவருடைய நாட்குறிப்பாகப் பத்து வரி எழுதுக. சோகி சொன்னதை மாற்றலாகாது; ஆனால் அது எவ்வாறு நிகழ்ந்தது, மனம் என்ன பாடுபட்டது என்பதெல்லாம் எழுதுபவர் உரிமை. ஒரு மாதம் ஆடிய பிள்ளையின் கொப்பியில் ஒரு சிறுகதை தானே முளைத்திருக்கும். கட்டுரை எழுத வராது என்று கைகட்டி நிற்கும் மாணவர்க்கு இதனினும் நல்ல பயிற்சி வேறில்லை.

கணித மாணவர்க்கு ஒரு கணக்கு

சோகி வாய் மேலும் கீழும் சமமாக விழும் என்று முதலிற் கொள்வோம். நான்கு சோகி விழும் வகை பதினாறு. அவற்றுள் ஒன்றும் மேல்நோக்காதது 1 வகை. ஒன்று மட்டும் 4 வகை. இரண்டு 6 வகை. மூன்று 4 வகை. நான்கும் 1 வகை.

இப்பொழுது உங்களிடம் மூன்று மூச்சு மீதி. கையிற் சில சிப்பி. இன்னொரு முறை வீசலாமா? வீசினால், பதினாறில் ஐந்து முறை அனைத்தையும் இழப்பீர்கள். எஞ்சிய பதினொன்றில் கைச்சிப்பி காக்கப்படும். அத்துடன் பதினாறு வகைக்கும் சேர்த்துப் புதிதாகப் பதினெட்டுச் சிப்பி வரும். கணக்கிட்டுப் பாருங்கள்: கையில் மூன்றோ அதற்குக் குறைவோ இருப்பின் வீசுவது நன்று, நான்கோ அதற்கு மேலோ இருப்பின் கயிற்றை அசைப்பதே அறிவுடைமை. பேராசைக்கும் துணிவுக்கும் இடையிலுள்ள கோடு எங்கே கிடக்கின்றது என்பதை இலக்கத்தாற் காட்டமுடிகின்றதன்றோ!

ஆனால் உண்மைச் சோகியின் இருபுறமும் ஒத்த வடிவின அல்ல. ஆகவே நூறு முறை வீசிப் பட்டியலிட்டுப் பார்ப்பது மாணவர் கடமை. சோகி கிட்டாதவர் புளியங்கொட்டையை ஒருபுறம் மட்டும் சொரசொரப்பான தரையில் வெண்மை தோன்ற உரசிக்கொள்க. தாயம் ஆடுவோர் அறிந்த பழைய முறை அது. கொட்டைக்கும் சோகிக்கும் பட்டியல் வேறுபடுகின்றதா என்று ஒப்பிட்டால், அதுவே ஒரு சிறிய ஆராய்ச்சி.

முப்பத்திரண்டு சிப்பி

கதை வேண்டாம், புதிர் போதும் என்பார்க்கு இன்னும் ஒன்று. மணலில் வரிசைக்கு மூன்று, மூன்று, ஏழு, ஏழு, ஏழு, மூன்று, மூன்று என்று முப்பத்துமூன்று சிறு குழிகளைச் சிலுவை வடிவில் அமைக்க. நடுக்குழி ஒழிந்த ஏனையவற்றில் ஒவ்வொரு சிப்பி வைக்க. ஒரு சிப்பி, தன்னை அடுத்த சிப்பியை நேர்க்கோட்டில் தாண்டி அப்பாலுள்ள வெற்றுக் குழியில் இறங்கலாம். தாண்டப்பட்ட சிப்பி நீக்கப்படும். மூலைவாட்டில் தாண்டலாகாது. ஈற்றில் ஒரேயொரு சிப்பி, அதுவும் நடுக்குழியில், எஞ்சவேண்டும்.

பிரான்சில் பதினான்காம் லூயி மன்னன் காலத்திலே, 1697 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓவியமொன்றில் இவ்வாட்டப் பலகை காணப்படுகின்றது. லைப்னிற்ஸ் என்னும் பேரறிஞர் 1710 ஆம் ஆண்டில் இதனைப் பற்றி எழுதியுள்ளார். முப்பத்தொரு தாண்டல் வேண்டும் என்பது எண்ணினாலே தெரியும். ஒரே சிப்பி தொடர்ந்து தாண்டுவதை ஒரு நகர்வாகக் கொண்டால், பதினெட்டு நகர்வில் முடிக்கலாம் என்று 1912 ஆம் ஆண்டு கண்டனர். முதல் வாரத்தில் ஐந்தாறு சிப்பி எஞ்சும், மனந்தளர வேண்டாம். சிறியோர் ஒன்று முதல் ஐந்து வரை வரிசையிட்ட பதினைந்து குழி முக்கோணத்தில், ஒரு மூலையை வெறுமையாக்கித் தொடங்கலாம்; அங்கே சாய்கோடுகள் வழியாகவும் தாண்டலாம்.

பெற்றோர்க்குச் சில சொற்கள்

செலவு என்று சொல்லத்தக்கது கொப்பி ஒன்றே. ஆயினும் கவனிக்கவேண்டியவை சில உண்டு. குன்றிமணி அழகியதேயாயினும் நஞ்சுடையது; மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆதலாற் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் அதனை ஆட்டக்காயாக வைக்கலாகாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தை அருகிருப்பின் புளியங்கொட்டையும் தொண்டையில் அடைக்கக்கூடும். கடற்கரையில் உயிரற்ற வெற்றோடுகளை மட்டுமே பொறுக்கல் வேண்டும். உயிருள்ளவற்றைக் கொன்று விளையாட்டுப் பொருள் தேடுவது நன்றன்று.

பிள்ளை தனியே ஆடும்போது பெரியோர் குறுக்கிட்டு, ‘அப்படியன்று, இப்படி வை’ என்று கற்பிக்காதிருத்தல் நலம். வீசிய சோகியை யாரும் காணவில்லை. சுறா விழுந்ததை மறைத்து இன்னொரு முறை வீசிவிடலாம். ஆனால் ஏமாறுபவர் யார்? தன்னைத் தான் ஏய்த்தாற் சுவை கெடும் என்பதைப் பிள்ளை விரைவிற் கண்டுகொள்ளும். பார்ப்பவர் இல்லாத இடத்தில் நேர்மையாக நடக்கும் பழக்கம் நீதிநூலை மனனஞ் செய்து பெறுவதினும் இவ்வாறு உறுதியாகப் படியும்.

தனியாட்டம் நட்புக்கு மாற்றன்று என்பதையும் மறக்கலாகாது. தோழர் வந்தழைத்தாற் சோகியை வைத்துவிட்டு ஓடுவதே பிள்ளைக்கு அழகு. தோழரை எப்பொழுதும் விலக்கி ஒதுங்கும் பிள்ளையாயின், அதன் காரணத்தைப் பெற்றோரும் ஆசிரியரும் அன்போடு ஆராய்தல் வேண்டும்.

எதையும் இழந்தவர்க்கும் எஞ்சுவது

மன்னார் மக்களின் அண்மைக் கால வரலாறு இடப்பெயர்வின் வரலாறு. 1990 ஆம் ஆண்டில் முஸ்லிம் குடும்பங்கள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டன. தமிழ்க் குடும்பங்கள் பல மடுத் தேவாலய நிழலிலும், கடல்கடந்து மண்டபம் முகாமிலும் அடைக்கலம் தேடின. 2007 ஆம் ஆண்டு முதல் பெருநிலப்பரப்பின் ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறுமையாகி, 2009 ஆம் ஆண்டிற் செட்டிக்குளத்து முகாம்களில் அம்மக்களுள் மிகப் பலர் வந்து சேர்ந்தனர். உயிரைக் கையிற் பிடித்து ஓடுபவர் விளையாட்டுப் பெட்டியைத் தூக்கிச் செல்வதில்லை. ஆனால், ஏழு குழியும் இருபத்தெட்டுக் கல்லும் எங்கும் கிடைக்கும். மனத்தில் இருக்கும் விதியை எந்தச் சோதனைச் சாவடியிலும் எவரும் பறிக்கமுடியாது.

அந்த விதிகள் இன்று பெரும்பாலும் பாட்டிமார் நினைவில் மட்டுமே வாழ்கின்றன. அவர்கள் ஆடிய பாண்டியின் முறை எது, எத்தனை குழி, எந்தப் பக்கம் இடுவது, இடையிற் சொல்லும் சொல் யாது என்பவற்றை எழுதிவைத்தவர் மிகச் சிலர். நூறாண்டுக்கு முன் பிறநாட்டார் ஒருவர் செய்த பணியை, நம் பிள்ளைகள் தத்தம் வீட்டளவிலாவது செய்யலாகாதா? வருகின்ற விடுமுறையில், மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டியாரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, அவர் அறிந்த ஆட்டம் ஒன்றைக் கேட்டுப் படம் வரைந்து கொப்பியிற் பதிவார்களாயின், கேட்கும் பிள்ளைக்கு ஓர் ஆட்டம் கிடைக்கும். சொல்லும் முதியவர்க்கு ஒரு மாலைப்பொழுது துணை கிடைக்கும். ஊருக்கு ஓர் ஏடு கிடைக்கும்.

தன்னோடு தான் இருக்கப் பழகிய மனம் எளிதில் வறுமையடையாது. அப்பழக்கத்தின் விலை நான்கு சோகி. அதுவும் கடற்கரையில் இலவசமாகக் கிடைக்கின்றது. குனிந்து எடுப்பதே நம் கடன்.